பூஜ்ய அளவுக் கோப்புகள்: கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களில் மேல்நிலைப் பள்ளியிலும் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் கணினி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், லேப் பொறுப்பைத் தாங்குகிறவர்களுக்கும் இந்த மடல்.

உங்களில் பலருடைய லேபுக்கு நான் வந்திருக்கிறேன். ஸ்விட்ச் எரிந்துபோனபோது வந்தேன். எலி கேபிளைக் கடித்தபோது வந்தேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் பாதிக் கணினிக்கு நெட் வராமல் நீங்கள் தவித்தபோதும் வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வட்டாரத்தில் கேபிள் இழுப்பதும் கணினி பழுது பார்ப்பதும்தான் என் தொழில். வரும்போதெல்லாம் உங்களுக்கு வகுப்பு அவசரம், எனக்கு அடுத்த இடத்துக்குப் போகும் அவசரம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஒவ்வொரு முறையும் வண்டியை எடுத்திருக்கிறேன். இந்த முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருட ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு ஓர் இணைய மையத்திலிருந்து போன் வந்தது. மலையடிவாரத்தில் காவடிக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வண்டியை ரயில் நிலையத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே போனேன். கடைக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள், கூடவே பெற்றோர். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்ட அவர்களில் சிலருக்கு அன்று மாலைதான் கெடு. இணையத்துக்கென்று இருந்த ஒரே கணினியில் நெட் வருகிறது, கொஞ்சம் நிற்கிறது, போகிறது. செல்போனிலாவது பார்க்கலாமென்றால் கூட்டத்தில் டவர் திணறியது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்திவிடுவார்கள் என்று ரவுட்டரின் வைஃபையை உரிமையாளர் எப்போதோ அணைத்து வைத்திருந்தார். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்த ஒரு தகப்பனார், இனி இங்கே நம்பிப் பயனில்லை என்று மகளைக் கூட்டிக்கொண்டு அரக்கோணத்துக்கு ரயில் ஏறப் போய்விட்டாராம். அந்தப் பெண் கடைசி நேரத்தில் பட்டியலைப் பூட்டிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதுவரை அந்த மனிதரின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் போய்ச் சேரும் முன்பே அங்கே எல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு நான்கு முறை போன். நான்கு முறையும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதில். அடாப்டரை மாற்றியாயிற்று. பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி ரவுட்டரையே மாற்றியாயிற்று. உச்சி வெயிலில் லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, வெளியே ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி, அதற்காக ஏச்சும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

நான் பென்டிரைவைச் செருகி, கணினியை லினக்ஸில் திறந்து, ஒரே ஒரு கோப்பைப் படித்தேன். 'கேரியர் சேஞ்சஸ்' என்று பெயர். கேபிளில் இணைப்பு விழுவதையும் எழுவதையும் ஒவ்வொன்றாக இயங்குதளத்தின் கெர்னல் அதில் எண்ணிக்கொண்டே வரும். திறந்து பத்து நிமிடம் ஆகாத கணினியில் அந்த எண் நாற்பதைத் தாண்டியிருந்தது. கோளாறு கம்பத்திலும் இல்லை, இணைப்பு வரும் அரக்கோணத்திலும் இல்லை, இந்த மேஜைக்கும் அந்த ரவுட்டருக்கும் நடுவே இருக்கிற ஆறடிக் கேபிளில் இருக்கிறது. குனிந்து பார்த்தால், ஸ்டூல் கால் ஏறி ஏறிக் கேபிள் நசுங்கிக் கிடந்தது. பையிலிருந்து வேறொரு பேட்ச் கார்டு எடுத்து மாட்டினேன். மீதிப் பிள்ளைகள் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள்.

கடையில் வேலை பார்க்கும் தம்பி கணினிப் பொறியியல் டிப்ளமோ, முதல் வகுப்பு. நான் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "நெட்வொர்க்ஸ் பேப்பர்ல எனக்குத் தொண்ணூத்தொண்ணு மார்க்குண்ணா. இந்த ஃபோல்டரை யாரும் திறந்து காட்டினதே இல்ல."

அவன் உங்கள் மாணவன். உங்களில் யாருடையவன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. பத்து வருடமாக வெவ்வேறு கடையில், வெவ்வேறு அலுவலகத்தில், வெவ்வேறு பிள்ளையின் வாயால் இதே வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓ.எஸ்.ஐ.யின் ஏழு அடுக்குகளையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். எந்த அடுக்கில் இப்போது அடைப்பு என்று கேட்டால் கண் கலங்குகிறார்கள். தெரியாத பிள்ளைகள் கலங்கினால் எனக்கு வருத்தம் வராது. நன்றாகப் படித்த பிள்ளைகள் கலங்குகிறார்கள்.

நான் சொல்லும் கோப்புகளை உங்களில் கல்லூரியில் இருப்பவர்கள் அறிவீர்கள். பள்ளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். லினக்ஸில் 'பிராக்' என்றொரு கோப்புறை, அதற்குள் 'நெட்' என்றொரு கோப்புறை. உள்ளே டெவ், ரூட், ஆர்ப், டிசிபி, யுடிபி, ஒயர்லெஸ் என்று வரிசையாகக் கோப்புகள். பட்டியல் போட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றின் அளவும் பூஜ்யம் என்று காட்டும். ஆனால் திறந்தால் உள்ளே பக்கம் பக்கமாக எண்கள். வட்டில் அப்படி ஒரு கோப்பே கிடையாது. நீங்கள் படிக்கக் கேட்கிற அந்தக் கணத்தில் கெர்னல் தன் நினைவில் இருப்பதை எழுத்தாக்கித் தருகிறது. கோடையில் நம் நந்தி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி வைக்கவில்லை. அள்ள அள்ளச் சுரக்கிறது, அள்ளும் நேரத்து நீர்தான் கைக்கு வருகிறது. இந்தக் கோப்புகளும் அப்படியே. ஐந்து வினாடிக்கு முன் படித்ததும் இப்போது படிப்பதும் ஒன்றல்ல.

இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. 1984-ல் பெல் ஆய்வகத்தில் டாம் கில்லியன் என்பவர், யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் கோப்புகளாகக் காட்டும் முறையை எழுதினார். லினக்ஸ் அந்த யோசனையை எடுத்து, நிரல்களோடு நிற்காமல் நினைவகம், வலையமைப்பு என்று விரித்தது. நீங்கள் லேபில் சொல்லிக்கொடுக்கும் 'இஃப்கான்ஃபிக்', 'நெட்ஸ்டாட்' கட்டளைகள் லினக்ஸில் பல தகவல்களை இங்கிருந்து எடுத்துத்தான் அழகாக அடுக்கிக் காட்டுகின்றன. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலிருந்து 'சிஸ்' என்ற இன்னொரு கோப்புறையும் சேர்ந்தது. அதில் 'கிளாஸ்', அதற்குள் 'நெட்' என்று போனால் ஒவ்வொரு வலை அட்டைக்கும் ஒரு கோப்புறை. ஒரு கோப்பில் ஒரே ஒரு எண், அல்லது ஒரே ஒரு சொல். நான் அன்று கடையில் படித்தது அங்கிருந்துதான்.

போனில் சொல்லிக்கொடுக்கும் வழக்கப்படியே இங்கும் எழுதுகிறேன். சி-ஏ-டி, ஒரு இடம் விட்டு, சாய்கோடு, பி-ஆர்-ஓ-சி, சாய்கோடு, என்-இ-டி, சாய்கோடு, டி-இ-வி. எண்டர். அவ்வளவுதான் கட்டளை. கடவுச்சொல் கேட்காது. எதையும் நிறுவ வேண்டாம். படிப்பதால் எதுவும் கெடாது. ('பிராக்' கோப்புறைக்குள்ளேயே 'சிஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் எழுதவும் முடியும், எழுதினால் கணினியின் போக்கு மாறும். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். அதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.)

திறந்தால் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வரி, வரியில் பதினாறு எண்கள். முதல் எட்டு உள்ளே வந்தது, அடுத்த எட்டு வெளியே போனது. பிள்ளைகள் முதலில் மிரள்வார்கள். அவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குங்கள். ஈபி மீட்டரில் இன்றைக்கு இருக்கிற எண் மட்டும் ஒன்றும் சொல்லாது. இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த ரீடிங்கை இன்றைய ரீடிங்கிலிருந்து கழித்தால்தான் எத்தனை யூனிட் ஓடியது என்று தெரியும். அதைத்தானே கணக்கெடுப்பவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார்? டெவ் கோப்பும் ஒரு மீட்டர். கணினி திறந்ததிலிருந்து எண்ணிக்கொண்டே போகும். பத்து வினாடி இடைவெளியில் இரண்டு முறை படித்து, பைட்டுகளைக் கழித்து, பத்தால் வகுத்தால் வேகம் கையில் வந்துவிடும். இதற்கு எந்த இணையதளத்தின் வட்டமுள்ளும் வேண்டாம். ஆறாம் வகுப்புக் கணக்கு போதும்.

பைட்டுகளுக்கு அடுத்துப் பொட்டலங்கள், அதற்கடுத்துப் பிழைகள், அதற்கடுத்துக் கைவிடப்பட்டவை. அந்த எர்ஸ், டிராப் என்ற இரண்டு பத்தியிலும் ஒரு பிள்ளையை நிறுத்தி யோசிக்க வையுங்கள். பிழை ஏறினால், குறிப்பாக ஃபிரேம் என்ற பத்தியில் ஏறினால், வந்த பொட்டலம் வழியிலேயே சிதைந்திருக்கிறது. கேபிளைப் பார், கிரிம்பிங்கைப் பார், பக்கத்தில் மோட்டார் லைன் ஓடுகிறதா பார். டிராப் மட்டும் ஏறினால், பொட்டலம் ஒழுங்காகத்தான் வந்தது, வாங்கிக்கொள்ள இங்கே இடமில்லாமலோ அது இந்தக் கணினிக்குத் தேவைப்படாததாலோ விடப்பட்டிருக்கிறது. கொஞ்சம் டிராப் இருப்பது நோயல்ல. இப்படி இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு வாதாடக் கற்ற பிள்ளைக்கு எந்தத் தேர்வாளரும் பயம் தர முடியாது.

முதலில் சொன்ன தனிக் கோப்புறையான 'சிஸ்' பக்கம் வந்தால் 'கேரியர்' என்ற கோப்பில் 1 அல்லது 0. ஒன்று என்றால் எதிர்முனையில் உயிர் இருக்கிறது. பூஜ்யம் என்றால் கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது எதிரே ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. 'ஸ்பீடு' என்ற கோப்பில் ஆயிரம் இருக்க வேண்டிய இடத்தில் நூறு என்று இருந்தால் எனக்கு உடனே கை பரபரக்கும். கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும், நூறு மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஆயிரத்துக்கு ஏற்ற அட்டையும் ஸ்விட்சும் இருந்தும் நூறு என்று காட்டினால், பெரும்பாலும் ஆர்ஜே-45 முனையில் ஏதோ ஒரு கம்பி ஒட்டவில்லை. உங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் கேபிள்களுக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. கம்பிகளின் நிற வரிசையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதே புத்தகத்தில் திறந்த மூல மென்பொருளுக்கென்றும் ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு பாடத்துக்கும் நடுவே ஒரு பாலம் போடலாமே என்றுதான் கேட்கிறேன். பழுப்பு நிறக் கம்பியை வேண்டுமென்றே வெட்டிவிட்டு 'ஸ்பீடு' கோப்பைப் படிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் நூறாக மாறுவதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளை அந்த நிற வரிசையைச் சாகும்வரை மறக்காது.

ஆர்ப் கோப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி லேபில் பாதிக் கணினிக்கு நெட் உண்டு, பாதிக்கு இல்லை. இன்றைக்கு வந்த கணினிக்கு நாளைக்கு வராது. மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஏதோ வைரஸ் என்று எல்லாக் கணினியையும் அழித்துத் திரும்ப நிறுவினார்கள், மாணவர்களின் ரெக்கார்டு வேலையெல்லாம் அதோடு போயிற்று. நான் போய் இரண்டு கணினியில் ஆர்ப் கோப்பைப் படித்தேன். 192.168.1.1 என்ற ஒரே முகவரிக்கு ஒரு கணினி ஒரு வன்பொருள் எண்ணைச் சொன்னது, இன்னொன்று வேறு எண்ணைச் சொன்னது. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு. தேடினால், யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய ரவுட்டரை ஒரு மூலையில் ஸ்விட்சோடு செருகி வைத்திருந்தார்கள். பிடுங்கினேன், தீர்ந்தது. அழிந்துபோன பிள்ளைகளின் ரெக்கார்டை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அந்தக் கோப்பைப் படிக்க ஐந்து வினாடி ஆகும். மூன்று வாரத்தையும் அத்தனை பிள்ளைகளின் உழைப்பையும் காப்பாற்றியிருக்கக்கூடிய ஐந்து வினாடி.

ரூட் கோப்பைத் திறந்தால் எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். பதினோராம் வகுப்பில் எண்முறைகள் நடத்தும்போது "இது எதுக்கு சார் உபயோகம்?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் இருந்திருக்காது. பதில் இங்கே இருக்கிறது. கேட்வே என்ற பத்தியில் 0101ஏ8சி0 என்று இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்துக் கடைசியிலிருந்து படித்தால் சி0, ஏ8, 01, 01. சி0 என்பது 192, ஏ8 என்பது 168. ஆக 192.168.1.1, லேப் ரவுட்டரின் முகவரி. நாம் அன்றாடம் பயன்படுத்தும் இன்டெல், ஏஎம்டி செயலிகள் சிறிய பைட்டை முதலில் வைக்கும் வழக்கத்தால்தான் இப்படித் தலைகீழாக வருகிறது. எண்முறை மாற்றத்தை நூறு கணக்கு போட வைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட இந்த ஒரு வரி ஆழமாக இறங்கும். டிசிபி கோப்பிலும் அதே எழுத்துமுறைதான். நிலை என்ற பத்தியில் 01 இருந்தால் இணைப்பு நடக்கிறது, 0ஏ இருந்தால் கதவைத் திறந்து காத்திருக்கிறது, 02 இருந்தால் கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. வரிசையாக 02-ஆகவே தெரிந்தால் தட்டுகிறோம், யாரும் திறக்கவில்லை என்று பொருள்.

கல்லூரியில் கன்டெய்னர் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: இந்த 'நெட்' கோப்புறையே இன்று ஒரு சுட்டிதான், படிக்கிற நிரலின் சொந்த வலைவெளியைக் காட்டுகிறது. ஒரே கணினியில் இரண்டு கன்டெய்னருக்குள் அதே கோப்பைப் படித்தால் இரண்டு வேறு உலகம் தெரியும். வலைவெளிப் பிரிப்பை விளக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய, தமிழிலேயே முகப்பு வைத்துக்கொள்ளக்கூடிய இயங்குதளம். நான் மேலே சொன்ன அத்தனை கோப்புகளும், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் மடியில், காசில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தன. என்ன நடந்தது? அந்த மாதங்களில் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் கேட்டார்கள். "அந்த இன்னொண்ணு வேணாம்ணா, அழிச்சுடுங்க." யார் சொன்னது என்று கேட்டால், "சார் சொன்னாங்க." நானும் அழித்துக் கொடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும், இதில் இன்ன இன்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்காவது எடுத்துச் சொல்லாமல் விட்டது என் குற்றம். அதை மறைக்காமல்தான் உங்கள் பங்கையும் கேட்கிறேன்.

இப்போது மறுபடி மடிக்கணினிகள் வருகின்றன. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தருவதாகத் தமிழ்நாட்டு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கையில் கருவி வந்துவிடும். அதற்குள் எட்டிப்பார்க்கும் பழக்கம் உங்களிடமிருந்து வந்தால்தான் உண்டு.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போர்ஷன் முடிக்கவே நாள் போதவில்லை என்பீர்கள். உண்மை. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று உங்களை எத்தனை பக்கம் இழுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் கேட்பது ஒரு பாடத்தை அல்ல, ஒரு மணி நேரத்தை. லேபில் எல்லாம் விண்டோஸ் என்பீர்கள். உபுண்டு மாதிரி ஏதாவது ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் வைத்து, எதையும் நிறுவாமல், வட்டைத் தொடாமல் திறக்கலாம். பிடுங்கிவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸைப் போட்டுப் பார்த்தால் ஆகாதா என்று இளைய ஆசிரியர்கள் கேட்கிறார்கள். எழுத்துமுறை பழக அது போதும். ஆனால் அங்கே தெரிவது ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் அட்டை. சுவரில் செருகியிருக்கும் கேபிள் அதில் தெரியாது. செல்போனில் காட்டலாமே என்றும் ஒருவர் சொன்னார். ஆண்ட்ராய்டு லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. ஆனால் 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் செயலிகளுக்கு இந்தக் கோப்புறையை மூடிவிட்டார்கள். ஒருவர் எந்தெந்த இடத்தோடு இணைந்திருக்கிறார் என்பதை அதில் பார்த்து வேவு பார்க்க முடிந்ததால் மூடினார்கள். அது சரியான முடிவு. அந்தக் காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், தனியுரிமைப் பாடம் தனியாக வேண்டியிருக்காது.

புதிய 'ஐபி', 'எஸ்எஸ்' கட்டளைகள் நெட்லிங்க் என்ற வேறு வழியில் கெர்னலோடு பேசுகின்றன, இந்தக் கோப்புகள் பழைய வழி என்றும் விவரம் அறிந்தவர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். வேலைக்குப் போகும் பிள்ளை அவற்றைக் கட்டாயம் கற்க வேண்டும். ஆனால் முதல் முறை பார்க்கும் பிள்ளைக்கு, நடுவில் எந்த நிரலும் அலங்கரித்துக் காட்டாமல், சாதாரணக் கோப்பைப் படிப்பது போலக் கெர்னலின் கணக்கைப் படிப்பது வேறு அனுபவம். கணினி ஒரு மாயப்பெட்டி என்ற பயம் அங்கேதான் உடைகிறது.

எல்லாவற்றையும் இந்தக் கோப்புகள் சொல்லிவிடும் என்று நான் சொல்லவில்லை. அரக்கோணத்துக்கும் நமக்கும் நடுவே ஜேசிபி எங்கே ஃபைபரைக் கிழித்தது என்று உங்கள் லேப் கணினிக்குத் தெரியாது. ஆனால் என் பக்கம் சரியாக இருக்கிறது என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவருக்கு எதிர்முனையில் மரியாதை கிடைக்கும். "கேரியர் ஒன்று, பிழை பூஜ்யம், கேட்வே ஆர்ப்பில் இருக்கிறது, வெளியேதான் போகவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்ல மாட்டார்கள். தன் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால், ஒரு லைன்மேன் வீணாக வெயிலில் கம்பம் ஏற வேண்டாம், ஏச்சும் வாங்க வேண்டாம். அவரும் யாரோ ஒருவருடைய பழைய மாணவர்தான்.

இங்கே எல்லைப்புறம். நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். நகரி சாலையில் கொஞ்சம் போனால் செல்போனே ஆந்திர டவருக்குத் தாவிவிடுகிறது. மூன்று மொழிக்கு நடுவே தடுமாறும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் ஏழு அடுக்கை ஒப்பிக்கச் சொல்கிறோம். இந்தக் கோப்புகளில் ஆங்கிலம் இருபது சொல்லைத் தாண்டாது. மீதியெல்லாம் எண். எண்ணுக்கு மொழி இல்லை. பார்த்ததைத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லட்டும், ரெக்கார்டில் அப்படியே எழுதட்டும். தமிழிலேயே லினக்ஸ் படிக்க வேண்டுமென்றால் 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் எழுதிக்கொண்டிருக்கிறது. சொற்களுக்குப் பஞ்சமில்லை.

எல்லைப்புறம் என்றேன். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காகப் போராடியவர்களில் ம.பொ.சி.யை எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு அவரோடு சேர்த்து மங்கலங்கிழார்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். அவர் ஓர் ஆசிரியர். ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அவர் நடத்திய பாடத்துக்குக் கால அட்டவணையில் இடம் இருந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர் நடந்த அதே வட்டாரத்தில்தான் நீங்கள் பணி செய்கிறீர்கள்.

நான் கேட்பது இதுதான். வருகிற ஜூனில், முதல் செய்முறை வகுப்பை இதற்குக் கொடுங்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு கணினி போதும். டெவ் கோப்பை இரண்டு முறை படித்துக் கழிக்கச் சொல்லுங்கள். கேபிளைப் பிடுங்கி 'கேரியர்' பூஜ்யமாவதைப் பார்க்கச் சொல்லுங்கள். ரூட் கோப்பிலிருந்து ரவுட்டரின் முகவரியைக் கையால் கணக்கிட்டு எடுக்கச் சொல்லுங்கள், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு லேப் சுவரில் ஈபி அட்டை மாதிரி ஒரு அட்டை தொங்கவிடுங்கள். தினமும் ஒரு பிள்ளை முறை வைத்து, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பைட்டுகள், பிழைகள், டிராப், கேரியர் மாற்றங்கள் நான்கையும் எழுதட்டும். நாள் நடுவில் கணினியை அணைத்துத் திறந்தால் மீட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதையும் குறிக்கட்டும். ஒரு மாதம் ஓடினால் உங்கள் லேபின் குணம் அந்த அட்டையில் தெரியும். அடுத்த முறை நீங்கள் என்னை அழைக்கும்போது "நெட் இல்லை" என்று நீங்கள் சொல்ல வேண்டாம், போனை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.

பென்டிரைவ் இல்லையே என்று நிற்க வேண்டாம். உபுண்டு ஏற்றிய ஆறு பென்டிரைவ் என்னிடம் இருக்கின்றன, கேட்கும் பள்ளிக்கு ஒரு வாரம் இரவலாகத் தருகிறேன். கிழிந்த கேபிள், உடைந்த முனை, பழைய கிரிம்பிங் கருவி எல்லாம் ஒரு சாக்கு நிறைய வைத்திருக்கிறேன், பிள்ளைகள் கெடுத்துப் பழகட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். எந்த ஊர்ப் பள்ளியானாலும் வருகிறேன், பணம் வேண்டாம். ஆடிக் கிருத்திகை வாரம் மட்டும் கடைகளிலிருந்து அழைப்பு ஓயாது. அதற்கு முன்பே நாள் குறித்துச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
மலையடிவாரத்தில் கணினி பழுது பார்க்கும் ஒருவன்,
திருத்தணி.